புளி போட்டுத் தேய்த்த இரட்டைக் குழல்

ஆயுத பூஜை வந்தால் துப்பாக்கியைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கும் என் அருமை அண்ணனுக்கு,

தனம் எழுதுகிறேன். சௌக்கியமா என்று உன்னைக் கேட்க முடியாது. நாங்கள் சௌக்கியம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் தறியில் இப்போது வேறொருத்தர் உட்கார்ந்து மாம்பழ நிறத்தில் ஒரு சேலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். உன் அளவுக்கு இல்லை என்று சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்த ஆசைதான். ஆனால் நன்றாகவே நெய்கிறார், என்ன செய்ய.

நான் சொல்ல வந்தது துப்பாக்கி விஷயம். வாய் திறந்தால் பாதியில் குறுக்கே விழுகிறவன் நீ. இப்போது அந்த வசதி உனக்கு இல்லை. அதனால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நான் சொல்கிறபடியே கேட்டுக்கொள்.

நீ போன பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டார். லைசென்ஸ் வைத்திருந்தவர் இல்லையென்றால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாதாம். உரிமம் உள்ள ஆயுதக் கடையில் கொடுத்து வைக்க வேண்டும், வாரிசு பெயருக்கு லைசென்ஸ் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார். சென்னையில் ஒரு கடையில் கொடுத்தோம். அண்ணியை விண்ணப்பம் போடச் சொன்னதற்கு, "எனக்கு வேணாம்மா. அது பக்கத்துல போனாலே எனக்கு வயித்தப் பிசையுது" என்று ஒதுங்கிக்கொண்டாள். சரி என்று நான் போட்டேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று விசாரிக்க வந்த அதிகாரி கேட்டார். "எனக்கில்ல சார், சாமிக்கு" என்றேன். மனுஷன் பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருக்கும் எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தது.

காணும் பொங்கலன்று நம் தெரு முருகன் பார்வேட்டைக்குப் பாலாற்றங்கரைத் தோப்புக்குப் போகிறார். குருக்கள் சாமி சார்பில் ஓர் அம்பு விடுகிறார். அம்பு போனதும் வானத்தைப் பார்த்து ஒரு வெற்று வேட்டு. அந்த வேட்டு நம் வீட்டுத் துப்பாக்கியுடையது. சேலை மூட்டைகள் மாட்டு வண்டியில் வாலாஜாபாத் ரயிலுக்குப் போன நாளில் தாத்தா காவலுக்கு வாங்கியது. ஒரு திருடனையும் அது சுட்டதில்லை. சாமிக்கு மட்டும் சுட்டிருக்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரியும். அவருக்குச் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

போன பொங்கலுக்குத் துப்பாக்கி இல்லை. அம்பு போனதும் அதிர்வேட்டு ஒன்றைக் கொளுத்தினார்கள். காக்கை எல்லாம் கிளம்பியது, குழந்தைகள் கை தட்டின, எனக்குத்தான் அது நம் வேட்டாகக் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் கோயில் தலைவர் என் பக்கமாக வந்தார். "வெடியே நல்லாத்தான் இருக்குதும்மா. இந்த லைசென்ஸ், ஸ்டேஷன்னு வருஷா வருஷம் அலையறது எதுக்கு? வர்ற பொங்கலுக்கு உங்க துப்பாக்கி வந்தா பாக்கலாம். வரலன்னா வெடியோட முடிச்சுக்கலாம்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் முடிச்சுக்கலாம் என்ற வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முடிக்க விட மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இந்த மார்கழியில் லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. வந்த வாரமே கார் பேசிக்கொண்டு கிளம்பினோம். நான், அண்ணி, உன் சிநேகிதர் காதர் பாய்.

காதர் பாயைக் கூப்பிட்டது ஏன் என்று நீ கேட்க மாட்டாய். பூட்டும் பீரோவும் பழுது பார்க்கிற மனுஷர், ஊரில் இருக்கிற நாலைந்து துப்பாக்கிக்கும் அவர்தான் வைத்தியர். அதற்கும் மேலே, ஆயுத பூஜைக்கு மறுநாள் நம் வீட்டுக்கு வந்து உன்னோடு சண்டை போடுவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தவர்.

"ஏம்பா, வெள்ளக்காரன் குடுத்த நெறத்த இப்டி தேச்சு வெளுக்க வெச்சிருக்கியே. ஒரிஜினல் போச்சுபா."

"அழுக்கு பாய் அது. எப்டி பளபளன்னு இருக்குது பாருங்க."

"அழுக்கா? அதான்பா பூவு."

நான் முறத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி, ஒரு கம்பி மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்த குழல் நம்முடையது. டமாஸ்கஸ் குழல் என்பார் பாய். பட்டு இழை மேல் வெள்ளியைச் சுற்றிய ஜரிகையோடு பிழைக்கிற நமக்கு அது புரியாதா? அந்தச் சுற்றுதான் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன வளையமாகக் குழல் முழுக்கப் படர்ந்திருக்குமாம். அதைத்தான் தாத்தா, அப்பா, நீ என்று பரம்பரையாகப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து, எவர்சில்வர் தம்ளர் மாதிரி ஆக்கி வைத்தீர்கள். அதோடு விட்டீர்களா? பூட்டுத் தகட்டில் விபூதிப் பட்டை, குழலுக்கு அடியில் கை பிடிக்கிற முன்கட்டையில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

பாயும் சளைத்தவரில்லை. ஒரு பழைய துப்பாக்கியில் எது ஒரிஜினல், எது பின்னால் வந்தது என்று உன் காதில் ஓதிக்கொண்டே இருப்பார். நீ ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன். நெசவாளர் சங்கத்தில் இத்தனை வருஷமாகச் சேலைக்குத் தரம் பார்க்கிறவள் நான். உடலும் கரையும் சேருகிற கோர்வையைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு சேலையையும் எடுத்ததில்லை. மேலே பார்க்காதே, உள்ளே பார் என்று பாய் சொன்னது எனக்குப் புதுப் பாடமாகவே தெரியவில்லை.

கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் மான் தலை. கடைக்காரர் மரியாதையான ஆள்தான், எங்களுக்குக் காபி எல்லாம் சொன்னார். என் லைசென்ஸைப் பார்த்தார், உள்ளே ஆள் அனுப்பினார், துப்பாக்கி வந்தது. கழுத்தில் அட்டை, அட்டையில் உன் பெயர். குழல் கன்னங்கரேல் என்று மினுங்குகிறது. கட்டை முழுக்க வார்னிஷ்.

"அடேயப்பா, நம்மளுதா இது? கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குது" என்றாள் அண்ணி. பாவம், அவள் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தது எப்போது?

"கிளீன் பண்ணி வெச்சிருக்கோம்மா. கையெழுத்து மட்டும் போட்டுட்டீங்கன்னா எடுத்துக்கினு போலாம்" என்றார் கடைக்காரர்.

நான் கையெழுத்துப் போடவில்லை. மேஜை மேல் பட்டுத் துணி விரித்திருந்தார்கள். அதில் துப்பாக்கியை மல்லாத்திப் போட்டேன், சேலையைப் போடுகிற மாதிரி. காதர் பாய் வாயைத் திறக்கப் போனார். இருங்க என்று கையைக் காட்டினேன். ஒரு தடவையாவது நானே பார்க்க வேண்டும் என்று ஆசை.

குழலில் அங்கங்கே துருக்குழிகள். அந்தக் குழிகளின் அடி வரைக்கும் ஒரே கறுப்பு. அப்படியென்றால் குழி விழுந்த பிறகு பூசிய நிறம் அது, பிறவி நிறம் இல்லை. குழல்களுக்கு நடுவில் ஓடும் பட்டையில் செதுக்கிய எழுத்துக்கள் ஓரம் மழுங்கி, ஊறிப்போன பிஸ்கட் மாதிரி இருந்தன. மெஷினில் பிடித்துத் தேய்த்தால்தான் அப்படி ஆகும். திருகுகளைப் பார்த்தேன். நல்ல கம்பெனித் துப்பாக்கியில் திருகுத் தலையின் கீறல்கள் எல்லாம் குழல் போகிற திசையிலேயே நிற்க வேண்டும் என்று பாய் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? இதில் ஒன்று கிழக்கே பார்க்கிறது, ஒன்று தெற்கே பார்க்கிறது, ஒன்று கடித்துத் துப்பின மாதிரி இருக்கிறது. கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டினேன். மரம் இரும்பைவிடத் தாழ்ந்து நின்றது. உப்புக் காகிதம் போட்டு மரத்தை இழைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அந்தத் துப்பாக்கி ஒரிஜினலா இல்லையா என்பதற்குத்தான். நம்முடையதா என்பதற்கு நான் குதிரையைப் பார்த்தேன். குழலுக்குப் பின்னால் காது மாதிரி நிற்குமே இரண்டு சுத்தியல்கள், அவற்றைத்தான் சொல்கிறேன். இரண்டு குதிரையும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.

"இது எங்களுது இல்ல" என்றேன்.

"அட்டையில உங்க அண்ணன் பேருதானேம்மா இருக்குது?"

"அட்டைய மாத்திக் கட்டலாம் சார். எங்கண்ணன் பொறந்ததுலருந்து வலது குழலை மட்டுந்தான் சுட்டிருக்குது. இதுல ரெண்டு குதிரையும் தேஞ்சிருக்குது."

கடைக்காரர் காதர் பாயைப் பார்த்தார். பாய் முன்கட்டையைக் குழலோடு பிடித்திருக்கும் ஆப்பைத் தள்ளி, கட்டையைக் கழற்றினார். உள்ளே இருந்த நம்பர் நம் லைசென்ஸில் இருக்கும் நம்பர் இல்லை. கடைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு பழைய துப்பாக்கிகளை ஒரே மேஜையில் துடைத்தபோது அட்டை மாறியிருக்கும் என்று அவரே சொல்லி, மன்னிப்பும் கேட்டார். அதுவரைக்கும் சரி. நம்முடையது எங்கே?

உள்ளேயிருந்து வேலைக்காரர் எட்டிப் பார்த்தார். "அந்த வெள்ளத் துப்பாக்கியா சார்? அது நாட்டுத் துப்பாக்கின்னு தனியா வெச்சிட்டமே. அடுத்த வாரம் போலீசுக்குப் போற கட்டுல இருக்குது."

போலீசுக்குப் போகிற கட்டு என்றால் என்ன தெரியுமா? யாருடையது என்று தெரியாத, நம்பர் இல்லாத துப்பாக்கிகளை அறுத்து உருக்குவதற்கு அனுப்புகிற கட்டு. நீ பூப்போட்டுக் கும்பிட்டதை, சாமிக்கு வேட்டுப் போட்டதை, ரம்பத்தில் வைத்து அறுக்க இருந்தார்கள். இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால்? அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணிக்கே தெரிந்துவிட்டது. வெளுத்த குழல், கட்டையில் குங்குமக் கறை, பூட்டுத் தகட்டில் உன் விபூதி. பட்டை விபூதியைத் தண்ணீரில் குழைத்துக் குழைத்து அதே இடத்தில் பூசியதில் இரும்பு அரித்து, மூன்று கோடும் பதிந்தே போயிருக்கிறது. அண்ணி விரலை நீட்டி அந்தக் கோடுகளைத் தடவினாள். துப்பாக்கிப் பக்கம் போனால் வயிற்றைப் பிசையும் என்கிறவள்.

"இதுதான் சார். இவரு பூசுனது இது" என்றாள்.

கடைக்காரர் நல்லவிதமாகத்தான் சொன்னார். "அம்மா, எனக்குப் புரியுது. ஆனா இது ஒரிஜினலே இல்ல. எவனோ பட்டறையில வெச்சு சேத்தது மாதிரி இருக்குது. குழல்ல கம்பெனி நெறம் இல்ல, பேரு இல்ல. விசைக்குக் கீழ இருக்க வேண்டிய நம்பரும் இல்ல. நம்பர் இல்லாதத நான் கைமாத்தினா என் லைசென்ஸே போயிடும். விபூதிய வெச்சு நான் என்னம்மா எழுதறது?"

அவர் சொன்னதில் தப்பு கிடையாது. விசைக்குக் கீழே இருந்த நம்பரை யார் தின்றது? உங்கள் புளி தின்றது. குழல் மேலிருந்த கம்பெனிப் பெயரையும் அதுதான் தின்றது. அந்த நிமிஷம் நீ எதிரில் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுத வேண்டாம், அண்ணியும் படிக்கிற கடிதம்.

"முன்கட்டையக் கழட்டிப் பாத்தீங்களா?" என்று காதர் பாய் கேட்டார்.

"கழண்டாத்தான பாய்? ஆப்பு உள்ளயே துரு புடிச்சு இறுகிக்கினு இருக்குது" என்றார் வேலைக்காரர். "சுத்தியால போட்டுப் பாக்கலாம்னா மரம் தெறிச்சிடும்னு விட்டுட்டோம். இப்ப வேணும்னா போடறேன்." சொல்லிக்கொண்டே சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டார்.

அந்த ஆப்பைக் கழற்றச் சொல்லித்தானே பாய் உன்னிடம் வருஷா வருஷம் கெஞ்சுவார்? பிரித்து உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் போடுபா என்பார். நீ என்ன சொல்வாய்? "பாவு ஏறின தறிய யாராச்சும் பிரிப்பாங்களா பாய்? ஓடிக்கினு இருக்கறது ஓடட்டும்." துப்பாக்கியையும் தறியாகவே நினைத்தவன் நீ. தாத்தாவும் பிரித்ததில்லை, அப்பாவும் பிரித்ததில்லை. பாயிடம் மேலாகத் துணியால் துடைக்கக் கொடுப்பதோடு சரி, கழற்றக் கையில் கொடுத்ததே இல்லை.

"கையை எடுப்பா" என்றேன் அந்த ஆளிடம். குனிந்து ஆப்பு இருக்கிற இடத்தை மோந்து பார்த்தேன். துரு வாசனை எனக்குத் தெரியும். அது துரு இல்லை. சந்தனம். ஆப்பின் தலை இருக்கும் சின்னப் பள்ளத்தைப் பார்த்ததும் பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் என்று நினைத்துவிட்டாய் போல. சந்தனத்தை அதில் அப்பி, அதன் மேல் குங்குமத்தை அழுத்தி, மறு வருஷம் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. எல்லாம் காய்ந்து கல்லாகி ஆப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"சார், வெந்நீர் கெடைக்குமா?"

"வெந்நீரா?"

"நல்லா கொதிக்கக் கொதிக்க."

பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்க் வந்தது. அண்ணியின் கைக்குட்டையை நனைத்து ஆப்பைச் சுற்றி ஒத்தடம் போட்டேன், அவள் முழங்காலுக்குப் போடுகிற மாதிரியே. ஆறினதும் பிழிந்து மறுபடி நனைத்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். வேலைக்காரர் சுத்தியலைக் கீழே வைக்கவே இல்லை. பாய் மட்டும் என் பக்கத்தில் குனிந்து, "விடாத தனம், போட்டுக்கினே இரு" என்றார்.

அப்புறம் ஒரு சிவப்புத் துளி இறங்கியது. குங்குமத் தண்ணீர். அவர்கள் விரித்திருந்த பட்டுத் துணியில் சொட்டிப் பரவியது. அதன் பின்னால் மஞ்சளாய், கொழகொழவென்று சந்தனம். அந்தக் குளிர்சாதன அறை முழுக்க நம் பூஜை அறை வாசனை. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? அழுதுகொண்டே ஒத்தடம் போட்டேன்.

பாய் கட்டை விரலால் ஆப்பை ஒரு அழுத்து அழுத்தினார். பிறந்த வீட்டிலிருந்து கிளம்புகிற பெண்ணைப் போல் கொஞ்சம் தயங்கி, பிறகு வந்துவிட்டது. முன்கட்டை கழன்றது. குழலைத் தனியாகத் தூக்கித் திருப்பினார்.

அண்ணா, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். கட்டை மூடியிருந்த அந்த ஒரு சாண் இடத்தில் உங்கள் யார் கையும் பட்டதே இல்லை. பழுப்பு நிறம் அப்படியே இருக்கிறது. அதில் வளையம் வளையமாகப் பூ. நேற்று அடித்த மாதிரி ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிகிறது. உண்மையில் அவ்வளவு அழகு. குழலைச் சுட்டுப் பரீட்சை பார்த்து அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அடித்த முத்திரைகள் கூர்மை போகாமல் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நம்பர். முன்கட்டைக்குள் இருக்கும் இரும்பிலும் அதே நம்பர். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தார். அண்ணி லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ஆங்" போட்டாள். கடைசி "ஆங்" மட்டும் அழுகையில் கேட்கவில்லை.

பாய் அதோடு நிறுத்தவில்லை. தன் பையிலிருந்த நூலில் குழலைத் தொங்கவிட்டு விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்து அடங்கியது. குழலுக்கு நடுவே இருக்கும் பட்டை எங்கேயும் விடாமல், பற்றவைத்தது பற்றவைத்தபடி இருந்தால்தான் அப்படிச் சத்தம் வரும், விட்டிருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி இருக்கும் என்று கடைக்காரருக்கு விளக்கினார். அவருக்கும் அது தெரியும்தான். ஆனாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். திருகுகளைப் பார்த்தார்கள், எல்லாக் கீறலும் வரிசையாக ஒரே திசையில். யாரும் பிரிக்காததால் கெடவும் இல்லை. இப்போது சொல், தறியைப் பிரிக்கக் கூடாது என்று நீ பிடிவாதம் பிடித்தது தெரிந்தா, தெரியாமலா? தெரியாமல்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது.

கடைக்காரர் முகமே மாறிவிட்டது. "அம்மா, உள்ள இவ்ளோ ஒரிஜினலா இருக்கறத நான் பாத்து ரொம்ப நாளாச்சு. மேலயும் இதே மாதிரி பழுப்பு ஏத்திட்டா பழைய அழகு வந்துடும். வெளிய தெரியவே தெரியாது. நானே ஏற்பாடு பண்ணித் தரேன்" என்றார்.

காதர் பாய்க்குக் கண் ஜொலித்தது. "அவரு எதுக்கு, நான் பண்ணித் தரேன் தனம். இத்தினி வருஷமா உங்கண்ணன் கிட்ட கேட்டுக்கினு இருந்தேன். அந்த விபூதிக் கோட்டையும் இழைச்சு எடுத்துடலாம். வெள்ளக்காரன் அனுப்பினப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே ஆயிடும்."

நான் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வலது குதிரையின் தலையில் கட்டை விரல் வைக்கிற இடம் வழவழவென்று இருக்கிறது. இடது குதிரையில் வரி வரியாகப் போட்ட செதுக்கல் இன்னும் விரலைக் கடிக்கிறது. விசையும் அப்படித்தான். வலது குழலுக்கான முன் விசை பளபளக்கிறது, பின் விசை கறுப்பாகக் கிடக்கிறது. தை பிறப்பதற்கு முன்னால் சாயங்காலத்தில் மொட்டை மாடியில் நின்றுகொண்டு வெறும் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துப் பிடித்து "டக்... டக்" என்று ஒத்திகை பார்ப்பாயே, அதில் தேய்ந்தது. வெறுமையாகத் தட்டாதேபா, உள்ளே ஊசி போய்விடும் என்று பாய் அதற்கும் சண்டைக்கு வருவார். இரண்டாவது எதற்கு, சாமிக்கு ஒன்று போதும் என்று நீ முன் விசையை விட்டு நகர்ந்ததே இல்லை.

"வேணாம் பாய்" என்றேன்.

"ஏன் தனம்? ஒரிஜினல்மா."

"வெள்ளக்காரன் பண்ணது உள்ள பத்திரமா இருக்குது பாய். மேல இருக்கறது எங்க வீட்டு ஆளுங்க பண்ணது. மேல இருக்கறத வெச்சுத்தான் எங்க அண்ணி இத அடையாளம் கண்டுச்சு. அத எப்டி நான் இழைக்கச் சொல்லுவேன்?"

பாய் குனிந்தார். பிறகு அந்த மூன்று கோட்டையும் தன் விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். "உங்கண்ணன் இருந்திருந்தா இன்னிக்கி என்னப் பாத்து சிரிச்சிருப்பான்" என்றார். கோட்டிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. சண்டை போட இனி நீ இல்லை என்ற கஷ்டம் எங்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

கையெழுத்துப் போட்டேன். கடைக்காரர் அந்தக் கறை பட்ட பட்டுத் துணியிலேயே துப்பாக்கியைச் சுற்றிக் கொடுத்தார். வெளியே வந்து காரில் ஏறியதும் அண்ணி அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வந்து சேரும் வரை யாரிடமும் கொடுக்கவில்லை. வயிற்றைப் பிசையவில்லையா என்று கேட்டேன். "பேசாம வாம்மா" என்றாள்.

மறுநாள் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். துப்பாக்கியைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரிம்மா, வந்துடுச்சு. யாரு சுடப் போறா?"

"லைசென்ஸ் யார் பேர்ல இருக்குதோ அவங்கதான் சுடணும். நாந்தான்."

தாடையைத் தடவினார். "கை நடுங்காதே?" என்றார். கரையில் ஓர் இழை மாறியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் கண்டுபிடிக்கிற கை இது, நடுங்காது என்றேன். "அப்ப வெடிக்காரன வேணான்னு சொல்லிடறேன்" என்று எழுந்து போனார். அவ்வளவுதான். நீயாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பாய்.

பாய் தோட்டாவுக்குச் சொல்லியிருக்கிறார். குண்டில்லாத வெற்றுத் தோட்டா, பழைய குழல் தாங்குகிற அளவுக்குக் கருமருந்து. சத்தம் நிறைய வரும், குழலுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். முன்கட்டையைக் கழற்றி மாட்ட எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆப்பு இப்போது வெண்ணெய் மாதிரி வருகிறது. உள்ளே இருக்கும் அந்தப் பழுப்பை மாதம் ஒரு தடவை திறந்து பார்த்து எண்ணெய் தடவுகிறேன் என்று பாயிடம் ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மாதம் ஒரு தடவை என்பது கணக்குக்குத்தான். இந்த வாரத்திலேயே பலமுறை திறந்து பார்த்துவிட்டேன்.

இனி உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. வரும் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குப் பூ உண்டு, பொரி உண்டு, தனியாக இலை போட்டு விபூதி சந்தனமும் உண்டு. புளி கிடையாது. உன் கை தேய்த்ததற்கு மேல் இன்னொரு கை தேய்க்க விட மாட்டேன். உன் விபூதிக்கு மேல் என் விபூதியும் ஏறாது. உன் கோடு உன் கோடாகவே இருக்கட்டும்.

காணும் பொங்கலுக்கு இன்னும் சில நாள்தான். சாயங்காலத்தில் மாடிக்குப் போய் ஒத்திகை பார்க்கிறேன். பாய் கொடுத்த பொய்த் தோட்டாவைப் போட்டுக்கொண்டுதான், உன்னை மாதிரி வெறுமையாக இல்லை. வலது குதிரையை நான் தொடுவதில்லை. முன் விசையையும் தொடுவதில்லை. அது உன் விரல் உட்கார்ந்த இடம். குருக்கள் அம்பு விட்டதும் சாமிக்கு இந்த வருஷம் இடது குழல்தான் பேசப் போகிறது.

இடது குதிரை புதுசு மாதிரி இருக்கிறது அண்ணா, வரிகள் கட்டை விரலை நன்றாகக் கடிக்கின்றன. பின் விசை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. பளபளப்பு ஏற நாளாகும். ஆகட்டும், நான் எங்கும் போகவில்லை.

இடது குழலுக்குச் சொந்தக்காரி,
உன் கூடப் பிறந்த தங்கை தனம்